புகை வந்த தேதியை எழுதி வையுங்கள்

பைராம் தோட்டத்தில் பிறந்து, இன்று பட்டர்வொர்த்திலும் பாயான் லெப்பாஸிலும் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் பிழைப்பு நடத்தும் தம்பி தங்கைகளுக்கு,



2022 ஜனவரி 12-ஆம் தேதி, பினாங்கில் நம் தோட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும் புலாவ் பூரோங் குப்பைக் கிடங்கில் தீப்பிடித்தது. அடுத்த இரண்டு நாளில் பொங்கல், ஆறு நாளில் தைப்பூசம். தீ முழுமையாக அடங்க வாரக்கணக்கானது. தோட்டத் தமிழ்ப்பள்ளியில் வகுப்பு நின்றது; பிள்ளைகளை வீட்டிலிருந்தே படிக்கச் சொன்னார்கள். பள்ளியைச் சூழ்ந்த புகைதான் வீட்டையும் சூழ்ந்திருந்தது. குடியிருப்பாளர்களை இடம் மாற்றும் வேலையும் நடந்தது. உங்கள் அம்மா அப்பா அப்போது உங்களுக்குப் போன் செய்து என்ன சொன்னார்கள் என்று நினைத்துப் பாருங்கள். "கொஞ்சம் புகைதான், நீ வேலையைப் பாரு" என்றுதான் பெரும்பாலான வீடுகளில் சொல்லியிருப்பார்கள். நம் பெரியவர்கள் பிள்ளைகளிடம் கஷ்டத்தைக் குறைத்துச் சொல்கிறவர்கள்.

அவர்கள் குறைத்துச் சொன்னதைத்தான் நாம் எல்லோரும் நம்பினோம். தீ அணைந்தது, செய்தி நின்றது, பள்ளி திறந்தது. அந்தப் புகையின் கரி எந்தெந்த வீட்டில் படிந்தது, யார் யார் கிளினிக்குக்குப் போனார்கள், எத்தனை பேர் எத்தனை நாள் கூலி இழந்தார்கள் என்ற கணக்கு எந்த வீட்டில் எழுத்தில் இருக்கிறது? இந்த மடலை நான் எழுதக் காரணம் அந்தக் கேள்விதான்.

பக்கத்து வீட்டுக்காரர் தன் சாக்கடையை நம் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டால் நாம் என்ன செய்வோம்? முதல் நாள் போய்ச் சொல்வோம். மறுநாள் சத்தம் போடுவோம். அப்புறம் தலைவரைக் கூப்பிடுவோம், போலீஸில் புகார் எழுதுவோம். ஆனால் அதே காரியத்தைப் பல ஏக்கர் பரப்புள்ள ஒரு கிடங்கு செய்தால், அதைப் பக்கத்து வீடாகவே நாம் நினைப்பதில்லை. அரசாங்கம் வைத்தது, நமக்கு வாய்த்தது என்று விட்டுவிடுகிறோம். சட்டத்தின் பார்வையில் அதுவும் பக்கத்து வீடுதான். தன் நிலத்தில் உள்ளதைத் தன் எல்லைக்குள் வைத்துக்கொள்ளும் கடமை அதற்கும் உண்டு. உங்கள் மனத்தில் முதலில் பதிய வேண்டியது இது.

அந்தப் பக்கத்து வீட்டைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். பைராம் வனக் காப்பகத்துக்குள், கடலோரம் இருக்கிறது. 1991-இல்தான் குப்பையை ஒழுங்காகக் கொட்டி மண் மூடும் முறை அங்கே வந்தது. 2001-இல் அது மூன்றாம் நிலைச் சுகாதாரக் கிடங்காகத் தரம் உயர்ந்தது. குப்பையிலிருந்து வடியும் கறுப்புக் கழிவுநீரைத் திரட்டி மறுபடி குப்பை மேட்டுக்குள்ளேயே செலுத்தும் ஏற்பாடும் அப்போது வந்தது. மொத்தப் பரப்பு 62.4 ஹெக்டர் என்றும், நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,200 டன் குப்பை வருகிறது என்றும் ஆய்வுக் கட்டுரைகள் சொல்கின்றன. பினாங்குத் தீவின் குப்பை பத்து மாவுங் மாற்று நிலையத்திலிருந்து படகில் கடல் தாண்டி வருகிறது. பெருநிலத்துக் குப்பை லோரியில் வருகிறது. ஜார்ஜ் டவுனில் சாப்பிட்டு மிஞ்சிய மீன் முள்ளும் பாயான் லெப்பாஸ் அடுக்குமாடியில் கட்டி வைத்த பையும் உங்கள் தாத்தா பாட்டி வாழ்ந்த தோட்டத்துக்குப் பக்கத்தில்தான் வந்து சேர்கின்றன. பாயான் லெப்பாஸில் குடியிருக்கும் உங்களில் சிலர் வீட்டுப் பையும் அதில் அடக்கம். இதை உங்களைக் குற்றம் சொல்ல எழுதவில்லை. பினாங்கு மாநிலத்தின் மொத்தப் பாரமும் ஒரே இடத்தில் இறங்குகிறது என்பதை அந்த மாநிலம் ஒருநாளும் மறக்கக் கூடாது.

குப்பை மேடு ஏன் எரிகிறது? ஈரக் குப்பை காற்றில்லாமல் அழுகும்போது மீத்தேன் உண்டாகிறது. கிடங்கிலிருந்து கிளம்பும் வாயுவில் ஏறத்தாழ பாதி அதுதான். மேலே பற்றும் நெருப்பைத் தண்ணீர் அடித்து அடக்கலாம். உள்ளே புகுந்துவிட்டால் பிளாஸ்டிக்கும் மரமும் ரப்பரும் அடியில் கனன்றுகொண்டே இருக்கும். மண்ணைக் கொட்டிக் காற்றை அடைத்தால்தான் ஓயும். அதனால்தான் தினமும் குப்பையின்மேல் மண் மூடுவது, வாயு வெளியேறக் குழாய் வைப்பது, தண்ணீர்த் தொட்டியும் மண் குவியலும் எப்போதும் தயாராக வைத்திருப்பது எல்லாம் கிடங்கு நடத்துகிறவரின் அன்றாடக் கடமை. அவற்றைக் கேட்டுக் கண்காணிப்பது பக்கத்தில் குடியிருப்பவரின் உரிமை.

ஒரு விஷயம் எனக்கு நெடுநாளாக உறுத்துகிறது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் நிபோங் திபாலில்தான் இருக்கிறது. புலாவ் பூரோங் கழிவுநீரைப் பற்றி அங்கிருந்து எழுதப்பட்ட கட்டுரைகள் உலகத்தின் ஆய்விதழ்களில் ஏராளம். அந்தக் கறுப்பு நீரில் அம்மோனியா எவ்வளவு, நிறத்தை எப்படி எடுப்பது, எந்தச் செடியின் விதை எந்தக் கசடை இழுக்கும் என்றெல்லாம் வெளிநாட்டு ஆய்வாளர்கள்கூட அறிவார்கள். அந்த ஆய்வுகள் தேவைதான், அவற்றைச் செய்தவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் அதே கிடங்குக்குப் பக்கத்தில் இருக்கும் வீட்டுத் தகரம் எத்தனை ஆண்டில் துருவேறுகிறது, இரவில் எத்தனை மணிக்கு நாற்றம் ஏறுகிறது, எந்தக் கிழவிக்கு எந்த மாதத்தில் இருமல் கூடுகிறது என்பதை எழுத உங்களைத் தவிர வேறு யாரும் இல்லை.

அரசாங்கத்துக் காற்றுக் குறியீட்டை நம்பி இருந்துவிடாதீர்கள். மலேசியாவின் காற்றுத் தூய்மைக் குறியீடு ஆறு பொருள்களை வைத்துக் கணக்கிடப்படுகிறது: இரண்டு அளவிலான நுண்துகள்கள், கந்தக டை ஆக்சைடு, நைட்ரஜன் டை ஆக்சைடு, ஓசோன், கார்பன் மோனாக்சைடு. பிளாஸ்டிக் எரியும்போது வரும் பென்சீனும் டயாக்சினும் அந்தக் கணக்கில் இல்லை. எண் மிதமாக இருக்கும்போதே வீட்டுக்குள் கண் எரியலாம். எண்ணைக் காட்டி "ஒன்றுமில்லை" என்று யாராவது சொன்னால், எந்தெந்தப் பொருளை அளந்தீர்கள் என்று திருப்பிக் கேட்க உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் அப்பாவுக்கு அது தெரியாமல் இருக்கலாம். உங்களுக்குத் தெரியும்.

இனிச் சட்டம். 1860-களில் இங்கிலாந்தின் லங்காஷயரில் ரைலண்ட்ஸ் என்ற ஆலை முதலாளி தன் நிலத்தில் நீர்த்தேக்கம் கட்டினார். தண்ணீர் பழைய சுரங்கக் குழிகள் வழியே இறங்கிப் பக்கத்திலிருந்த பிளெட்சரின் நிலக்கரிச் சுரங்கத்தை மூழ்கடித்தது. 1868-இல் பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொன்னது: தப்பினால் கேடு செய்யக்கூடிய பொருளை ஒருவர் தன் நிலத்தில் கொண்டுவந்து குவித்தால், அது தப்பி வந்து செய்யும் சேதத்துக்கு அவரே பொறுப்பு. அந்த வழக்கு மலேசிய நீதிமன்றங்களிலும் எடுத்தாளப்படுகிறது. 1956-ஆம் ஆண்டுச் சிவில் சட்டத்தின் வழியாக ஆங்கிலப் பொதுச்சட்டம் நமக்கு வந்திருக்கிறது. இதோடு தொல்லை, கவனக்குறைவு என்ற இரண்டு வழக்குக் காரணங்களும் உண்டு. 2009-இல் கொண்டுவரப்பட்ட திடக்கழிவுக் கிடங்கு விதிமுறைகள் வெளியேறும் கழிவுநீருக்கு அளவு வைத்திருக்கின்றன: லிட்டருக்கு அம்மோனியா நைட்ரஜன் 5 மில்லிகிராம், உயிரியல் ஆக்சிஜன் தேவை 20, வேதியியல் ஆக்சிஜன் தேவை 400. அளவைத் தாண்டினால் சுற்றுச்சூழல் துறை நடவடிக்கை எடுக்கலாம். 2024 திருத்தத்துக்குப் பிறகு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தில் சில குற்றங்களுக்கு அபராதம் 1 கோடி ரிங்கிட் வரை போகிறது. அபராதம் அரசாங்கக் கஜானாவுக்குப் போகும். உங்கள் வீட்டுக் கூரைக்கு அதிலிருந்து ஒரு தகரமும் வராது. கூரைக்கும் மருந்துக்கும் பணம் வேண்டுமென்றால் பாதிக்கப்பட்டவர்தான் கேட்க வேண்டும், கேட்பதற்கு ஆதாரம் வேண்டும்.

புக்கிட் மேரா கதையை உங்கள் தலைமுறையில் பலருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பேராக்கில், ஈப்போவுக்குப் பக்கத்தில் இருக்கும் கிராமம். கிராமத்தை ஒட்டி ஏசியன் ரேர் எர்த் என்ற ஆலை வந்தது. தாதுவைப் பிரித்த பிறகு கதிரியக்கக் கழிவு மிஞ்சியது. அதைச் சரியான காப்பில்லாமல் வைத்திருந்தார்கள். மக்கள் முதலில் மனு கொடுத்தார்கள், ஊர்வலம் போனார்கள். அதோடு நிற்கவில்லை. 1984 டிசம்பரில் ஜப்பானியப் பேராசிரியர் சடாவ் இச்சிகாவாவை வரவழைத்து அளந்தார்கள். கழிவு கிடந்த இடத்தில் அனுமதித்த அளவைவிடப் பல நூறு மடங்கு கதிர்வீச்சு இருந்தது. கையில் எண் வந்த பிறகு, 1985 பிப்ரவரியில் கிராமத்தார் எட்டுப் பேர் ஊரார் எல்லோருக்காகவும் ஈப்போ உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் துணை நின்றது. சங்கத்தின் வழக்கறிஞர் மீனாட்சி ராமன் அவர்களுக்காக வாதாடினார். 1987 அக்டோபரில் அரசாங்கத்தின் லாலாங் கைது நடவடிக்கையில் அவரும் கிராமத் தலைவர்கள் சிலரும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் கைதானார்கள். வெளியே வந்து மறுபடி வழக்கை நடத்தினார்கள். கனடாவிலிருந்து மருத்துவ ஆய்வாளர் ரோசாலி பெர்ட்டல் வந்து கிராமத்துக் குழந்தைகளின் உடல்நிலையை ஆராய்ந்தார். 1992 ஜூலை 11-இல் ஆலையை மூடச் சொல்லி உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது.

1993 டிசம்பர் 23-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளியது. கம்பெனி நிபுணர்களின் சாட்சியத்துக்கு எடை கொடுத்தது. உரிமத்தை எதிர்த்து அணுசக்தி உரிம வாரியத்திடம் மக்கள் போயிருக்க வேண்டும் என்றும் சொன்னது. வழக்கில் வென்ற கம்பெனி 1994 ஜனவரியில் தானே ஆலையை மூடிவிட்டது. ஒன்பது ஆண்டுகள் வழக்கில் நின்ற கிராமத்துக்குப் பக்கத்தில் அதற்குமேல் தொழில் நடத்த முடியவில்லை என்றுதான் நான் அதைப் புரிந்துகொள்கிறேன். அளந்து எழுதி வைத்ததால்தான் அந்த மக்கள் உயர்நீதிமன்றத்தில் வென்றார்கள். எந்தக் கதவை முதலில் தட்ட வேண்டும் என்ற விஷயத்தில் அவர்களுக்கு இடறியது. இரண்டிலும் உங்களுக்குப் பாடம் இருக்கிறது.

உங்களுக்கு எந்தக் கதவு? பினாங்கு மாநிலம் 2007-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மைச் சட்டத்தை ஏற்கவில்லை. ஆகவே குப்பைப் பொறுப்பு ஊராட்சிகளிடமே இருக்கிறது. கிடங்கு இருக்கும் பகுதிக்கு செபராங் பிறை மாநகர் மன்றம், தீவின் குப்பைக்கு பினாங்குத் தீவு மாநகர் மன்றம். கிடங்கை நடத்துவது ஒப்பந்த நிறுவனம். கழிவுநீருக்கும் காற்றுக்கும் மத்திய அரசின் சுற்றுச்சூழல் துறை. ஒரே புகாரை இவர்கள் எல்லோருக்கும் ஒரே நாளில் அனுப்புங்கள். ஒருவருக்கு மட்டும் அனுப்பினால் அவர் அடுத்தவரைக் கைகாட்டுவார். ஒவ்வொருவரிடமும் புகார் எண் கேட்டு வாங்குங்கள்.

இங்கே ஒரு கடினமான விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். தோட்டத்து வீடு யார் பெயரில் இருக்கிறது என்பது வழக்கில் எடுத்த எடுப்பிலேயே வரும் கேள்வி. தனியார் தொல்லை வழக்கைத் தொடுக்க, நிலத்தில் ஏதோ ஓர் உரிமை வேண்டும் என்று 1997-இல் லண்டன் கேனரி வார்ஃப் வழக்கில் பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொன்னது. தோட்டத்து லைன் வீட்டில் தோட்ட நிர்வாகத்தின் அனுமதியில் இருப்பவருக்கு அந்த வழி குறுகலானது. உடல்நலக் கேட்டுக்குக் கவனக்குறைவு வழக்கு அப்படியில்லை. அதற்கு நிலப் பட்டா தேவையில்லை. பொதுத் தொல்லைக்கு, சட்டத்துறைத் தலைவரின் எழுத்துச் சம்மதத்தோடு இரண்டு பேரோ அதற்கு மேலோ சேர்ந்து வழக்குப் போடலாம். 1956-ஆம் ஆண்டு அரசாங்க நடவடிக்கைகள் சட்டத்தின் 8-ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. சின்னச் சேதத்துக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை வழக்கு இருக்கிறது, 5,000 ரிங்கிட் வரை வழக்கறிஞர் இல்லாமலே. இவற்றில் எது உங்கள் வீட்டுக்குப் பொருந்தும் என்பதை வழக்கறிஞர்தான் சொல்ல முடியும். வசதி குறைந்தவர்களுக்குச் சட்ட உதவித் துறை இருக்கிறது. பயனீட்டாளர் சங்கம் இன்றும் பினாங்கில்தான் இருக்கிறது. போகும்போது வீட்டுக் கடிதங்களையும் தோட்டத்துச் சம்பளச் சீட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். அந்த வீட்டில் எத்தனை ஆண்டு இருந்தீர்கள் என்பதைக் காட்ட அவை உதவும்.

இப்போது, நான் உங்களிடம் நேராகக் கேட்பது.

அடுத்த முறை வீட்டுக்குப் போகும்போது ஒரு கெட்டி அட்டை நோட்டு வாங்கிக்கொண்டு போங்கள். வீட்டுக்கு ஒன்று. தேதி, நேரம், புகையா நாற்றமா, காற்று எந்தப் பக்கமிருந்து, எவ்வளவு நேரம், யாருக்கு என்ன செய்தது. அவ்வளவுதான். தமிழில் எழுதலாம், கோணல் கையெழுத்தில் எழுதலாம். அம்மா எழுத மாட்டாரென்றால் ராத்திரி போனில் பேசும்போது அவர் சொல்வதை நீங்கள் எழுதுங்கள். யார் சொன்னது, யார் எழுதியது என்பதையும் குறியுங்கள். அன்றன்று எழுதிய நோட்டுக்கும், வழக்கு வந்த பிறகு நினைவிலிருந்து எழுதியதற்கும் நீதிமன்றத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். கிளினிக் ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள். டாக்டரிடம் "புகை பட்டது" என்று சொல்லி, அதைக் கார்டில் எழுதச் சொல்லுங்கள். படம் எடுத்தால் வாட்ஸாப்பில் அனுப்பியதை மட்டும் நம்பாமல் போனில் உள்ள மூலப் படத்தைப் பத்திரப்படுத்துங்கள், அதில்தான் தேதியும் நேரமும் நிலைக்கும். கூரைத் தகரத்தை இன்றே படம் எடுத்து வையுங்கள். நாளைக்குக் கெட்டுப்போனால், முன்பு எப்படி இருந்தது என்று காட்ட வேறு சாட்சி கிடையாது. பெரிய புகை வந்தால் போலீஸில் ஒரு புகாரும் கொடுத்துவிடுங்கள்.

பத்து வீட்டு நோட்டுகளில் ஒரே தேதியும் ஒரே நேரமும் இருந்தால் அதை எந்த அதிகாரியும் ஒதுக்க முடியாது.

வழக்குக்கு முன் பேச்சும் வேண்டும். பக்கத்தில்தான் இருக்கப்போகிறார்கள், நாமும் அங்கேதான் இருக்கப்போகிறோம். கிடங்கு நிர்வாகத்தையும் மாநகர் மன்றத்தையும் தோட்டத்துப் பிரதிநிதிகளோடு மூன்று மாதத்துக்கு ஒருமுறை உட்காரச் சொல்லிக் கேளுங்கள். தினமும் மண் மூடுகிறார்களா என்று பார்க்க ஊரார் இரண்டு பேருக்கு அனுமதி கேளுங்கள். காற்றை அளந்த முடிவை, பென்சீன் போன்ற வாயுக்களையும் சேர்த்து, தமிழ்ப்பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள். தீப்பிடித்தால் முதல் மணி நேரத்திலேயே தமிழில் குறுஞ்செய்தி வரவேண்டும். மூச்சுக்கோளாறு உள்ளவர்களும் கைக்குழந்தைகளும் எந்த மண்டபத்துக்கு, எந்த வண்டியில் போவது என்பது முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும். கூட்டத்தில் பேசியதைக் குறிப்பெடுத்து, மறுநாளே அவர்களுக்குக் கடிதமாக அனுப்பிவிடுங்கள். மலாயில் நல்ல கடிதம் எழுதத் தெரிந்த பிள்ளை இல்லாத குடும்பம் இன்று பைராமில் எத்தனை இருக்கும்? அந்தப் படிப்பை உங்களுக்குக் கொடுத்தது அந்தத் தோட்டம்தான்.

கிடங்கை விரிவாக்கும் பேச்சு எப்போது எழுந்தாலும், சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வருகிறதா என்று கவனியுங்கள். அது தடித்த அறிக்கையாக இருக்கும், கருத்துச் சொல்லக் குறுகிய அவகாசமே தருவார்கள். ஆளுக்கு ஓர் அத்தியாயமாகப் பிரித்துப் படியுங்கள். பக்கத்துக் குடியிருப்புகளைப் பற்றி அதில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்பதை முதலில் பாருங்கள்.

கொழும்பில் மீதொட்டமுல்ல என்ற இடத்துக் குப்பை மேட்டைப் பற்றி அங்குள்ள மக்கள் ஆண்டுக்கணக்கில் முறையிட்டார்கள், போராடினார்கள். 2017 ஏப்ரல் 14-ஆம் தேதி, சித்திரைப் புத்தாண்டு அன்று, மேடு சரிந்து வீடுகளின்மேல் விழுந்தது. முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பண்டிகைக்கு வீட்டில் கூடியிருந்தவர்கள் அவர்கள். பைராமில் அப்படி நடக்கும் என்று நான் சொல்லவில்லை. இரண்டு இடங்களும் வேறு வேறு. குப்பை மேட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர்களின் முறையீட்டை அலட்சியப்படுத்தும் அரசுகள் எங்கும் உண்டு என்பதற்காகத்தான் சொல்கிறேன். கையில் எழுத்தில்லாத முறையீடு இன்னும் சீக்கிரம் அலட்சியப்படுத்தப்படும்.

கடைசியாகக் காலக் கெடு. அரசாங்க அமைப்புகள்மீது வழக்குத் தொடுக்க 1948-ஆம் ஆண்டுப் பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டம் 36 மாதமே தருகிறது. 2022 தீக்கு அந்தக் கெடு 2025 தொடக்கத்தில் போய்விட்டது. யாரும் தோட்டத்துக்கு வந்து அதைச் சொல்லவில்லை. மற்றவர்கள்மீது 1953-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி 6 ஆண்டு. அதே தீக்கு அது 2028 ஜனவரியில் முடிகிறது. தொடர்ந்து வரும் நாற்றத்துக்கும் கழிவுக்கும் ஒவ்வொரு நாளும் புதிய வழக்குக் காரணம் பிறக்கிறது. ஆகவே இன்று எழுதும் தேதிக்கும் மதிப்பு உண்டு. 2022 ஜனவரியின் கிளினிக் ரசீதோ, போனில் கிடக்கும் புகைப் படமோ, பள்ளி அனுப்பிய அறிவிப்போ உங்களிடம் இருந்தால் இந்த வாரமே தேடி எடுத்து, ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

அன்புடன்,
நிபோங் திபாலிலிருந்து உங்கள் ஊர்க்காரர்